வரி குறைந்த பிறகு வந்த தை

திண்டுக்கல்
20.1.2009

அன்புள்ள ராபினுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தால் எங்கள் இருவருக்கும் உடம்பில் குறையில்லை, அந்தச் சீமைக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். உன் மெயிலை பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து வந்து இரண்டு தடவை படித்தேன். அங்கே அரசாங்கம் விற்பனை வரியைப் பதினேழரையிலிருந்து பதினைந்தாகக் குறைத்துவிட்டது, சனங்கள் கையில் காசு மிஞ்சும், கடைகளுக்குக் கூட்டம் வரும், அதனால் ஆஸ்பத்திரி லேப் வேலையை விட்டுவிட்டு உன் சிநேகிதன் பரணியோடு சேர்ந்து டி.வி., ஃபிரிட்ஜ் கடை போடப் போகிறேன், பிப்ரவரி பதினைந்தில் கடை வாடகைக்கு ஐந்து வருஷ ஒப்பந்தம் கையெழுத்தாகிறது என்று எழுதியிருக்கிறாய். அப்பாவிடம் நீ போனில் கேட்டதற்கு, ஏலே தைரியமாச் செய்யி, நம்ம கடையும் நல்லாத்தான் ஓடுது என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாய் திறக்கவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். நம் கடை நன்றாக ஓடவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். நம் கடை முகூர்த்தத்தை நம்பி ஓடுகிற கடை என்பது உனக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தில் நம்மவர்கள் கல்யாணம் வைப்பதில்லை, மார்கழியில் மற்றவர்களும் வைப்பதில்லை, ஆகவே அப்பா எப்போதும்போலக் கார்த்திகையிலேயே தை மாதத்துச் சீர் சாமானுக்கென்று ஃபிரிட்ஜும் மிக்ஸியும் ஃபேனுமாக இறக்கிக் குடோனை நிரப்பிவிட்டார். டிசம்பர் முதல் வாரம் தில்லியில் கலால் வரியை நாலு சதவீதம் குறைத்தார்கள். அது ஃபாக்டரி வாசலிலேயே விலையில் சேர்ந்துவிடுகிற வரி, நம் சரக்குக்குப் பழைய வரி கட்டி முடிந்தது. எதிர்க்கடைக்காரர் தெரியாதவர்போல இருந்துகொண்டார். அப்பாதான் பேப்பரில் பார்த்த அன்றே, சனங்களுக்குச் சேர வேண்டியது சேரணும் என்று தன் கைக்காசில் விலையைக் குறைத்து வாசலில் போர்டும் எழுதி வைத்தார். எம்.ஏ. எக்னாமிக்ஸ் படித்து இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிற நான், பழைய சரக்கு தீரட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நல்ல எண்ணத்தில் செய்கிறார், நாம் ஏன் குறுக்கே நிற்பது என்று இருந்துவிட்டேன்.

கூட்டம் வந்தது உண்மைதான், பார்த்துவிட்டுப் போக வந்த கூட்டம். அகரத்துக் காத்தமுத்து தன் மகள் கல்யாணத்துக்கு ஒரு ஃபிரிட்ஜைப் பேசி வைத்திருந்தார். அதன் கதவை நாலு தடவை திறந்து மூடிவிட்டு, ஒரே நாள்ல ஐநூறு கொறையுதுன்னா விட்டுவச்சா இன்னும் கொறையும்ல சார், அது பாட்டுக்குக் கொறையட்டும், தையில வாரேன் என்று சிரித்துக்கொண்டே போனார். அப்பாவும் கூடச் சிரித்தார். தை பிறந்தும் ஆள் வரவில்லை. முந்தாநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்துக் கேட்டேன், கல்யாணத்தையே வைகாசிக்குத் தள்ளிவிட்டாராம், மாப்பிள்ளைக்கு மில்லில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலையாம். கரண்டும் இல்ல, ஆர்டரும் இல்ல டீச்சர், இதுல ஃபிரிட்ஜை வாங்கி உள்ள எதை வைக்கிறது என்றார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

பக்கத்து வீட்டு வியாகுலம்மாளும் ரெட்டியார்சத்திரம் பக்கத்து மில்லுக்குத்தான் போகிறாள். வரியக் கொறச்சாகளாம்ல டீச்சரம்மா, எம் பங்கு எம்புட்டு வரும் என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள், நான்தான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். அவள் காசு போவது ரேஷன் அரிசிக்கும், காய்கறிக்கும், வீட்டு வாடகைக்கும், பஸ்ஸுக்கும். அதிலெல்லாம் இந்த வரி கிடையாது. சோப்பு, பேஸ்ட், பிஸ்கட்டில் உண்டு, ஆனால் நம் தெருக்கடையில் பாக்கெட்டில் அச்சடித்த விலை அப்படியே இருக்கிறது. எல்லாரும் நியாயமாக நடந்தாலும் மாதம் பத்து ரூபாய்கூட மிஞ்சாது என்றேன். அம்புட்டையும் நீங்களே பேங்க்ல போட்டு வைங்க, நான் செத்த நேரம் கழிச்சு வந்து பங்களா கட்டிக்கிறேன் என்றாள். அடுத்த வாரமே அவள் போகிற மூன்றாவது, ராத்திரி ஷிப்ட்டை மில்லில் நிறுத்திவிட்டார்கள். இப்போது பகலிலும் அவள் வீட்டுக் கதவு திறந்தே இருக்கிறது.

வரி குறைப்பதால் யாருக்கும் லாபமில்லை என்று நான் சொல்லவில்லை. நாளைக்கும் சம்பளம் வரும் என்று தெரிந்து கார் வாங்கப் போகிறவனுக்கு நல்ல லாபம். வேலை போய்விடுமோ என்று பயந்தவனுக்கு நூறில் இரண்டரை குறைத்தாலும் பத்துக் குறைத்தாலும் ஒன்றுதான், அவன் கையை இறுக்கிக்கொள்வான். கேட்காமலே ஒரு சர்க்கார் வரியை விட்டுக்கொடுக்கிறது என்றால் நமக்கு இன்னும் தெரியாத எதையோ அது பார்த்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அங்கே இந்தக் குறைப்பு பதின்மூன்று மாதத்துக்குத்தான் என்று நீயே எழுதியிருக்கிறாய், உன் ஒப்பந்தமோ ஐந்து வருஷம். கிறிஸ்துமஸ் முடிந்ததும் அந்த வீதியில் நாலு கடை மூடிவிட்டார்கள், அதனால் வாடகை மலிவாகக் கிடைத்தது என்றும் எழுதியிருக்கிறாய். அதை நீ நல்ல செய்தியாக எழுதியிருக்கிறாய் ராபின்.

செய்யாதே என்று சொல்லும் வயதை நீ தாண்டிவிட்டாய். ஒன்று மட்டும் கேட்கிறேன். கையெழுத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை முழுவதும் அந்த வீதியில் நில். கடைக்குள் போகிறவர்களை எண்ண வேண்டாம், கையில் சாமானோடு வெளியே வருகிறவர்களை எண்ணு. அந்தக் கணக்கை எனக்கு எழுத வேண்டாம், அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல். உன் வாயால் அதைக் கேட்டால்தான் அவரும் தன் கடையைப் பற்றி உன்னிடம் உண்மை பேசுவார். என்னிடம்கூட இன்னும் பேசவில்லை.

மாதா உன்னைக் கைவிடாமல் காப்பாற்றட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, நேரத்துக்குச் சாப்பிடு. லேப்பில் ராஜினாமாக் கடிதம் கொடுக்காமல் இருந்தால் கொடுத்துவிடாதே. கொடுத்திருந்தால் போய்த் திரும்பக் கேள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

உன் அம்மா,
அமலராணி