முதல் எழுத்தில் நிற்கிறது

வியாழன், இரவு.

தட்டச்சு செய்யும் எடிட்டர் மெதுவாகத் திறக்கிறது என்று ராஜபாளையம் அச்சகத்து மாரியக்கா திட்டியதால், அதில் எழுத்துப்பிழை பார்க்கும் என் பிளகின், திறக்கும்போதே அகராதியை ஏற்றாமல், முதல் எழுத்து அடிக்கும்போது ஏற்றினால் போதும் என்று மாற்றினேன். இன்று நேரில் போய்ப் பெருமையாகக் காட்டினேன்.

"சட்டுனு தெறக்குதுலே. ஆனா முத எழுத்த அடிச்சா அம்புட்டு நேரமும் அங்கன நின்னுருதே!"

திறக்கும் வேகத்தை மட்டும்தான் அளந்திருந்தேன், மடையன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"பொண்ணு வீட்ல கேக்காவ. என்னலே சொல்ல?"

"பொறவு சொல்லுதேன்."

ஆடி போகட்டும் என்றேன். அப்புறம் மார்கழி போகட்டும் என்றேன். இரண்டும் போய்விட்டன. சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை.

மாரியக்காவைப் போல அந்தப் பெண்ணும் ஒரே ஒரு எழுத்தை அடித்துவிட்டு, நின்றுபோன திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.