உன் மகளின் குதிகால்

பக்கத்து ஃபிளாட்டில் ஃபால்ஸ் சீலிங் போடுகிறார்கள். ஒரு வாரமாகக் கதவைத் திறந்தால் ஈர பிளாஸ்டர் வாடைதான் முதலில் வருகிறது. மாடிப்படி பெருக்க வரும் அக்கா, "இன்னா கப்பு இது, பேஜாரா கீது" என்று மூக்கைப் பொத்திக்கொள்கிறார். எனக்கு நாற்றமாகத் தெரியவில்லை. உன் புடவையில் அடித்த வாடை இது. அது தெரிந்ததும் எனக்கு ஏதாவது ஆகும் என்று பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. காபி போட்டுக் குடித்துவிட்டு, உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாம் பார்த்த வேலையை வெளியே யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. தாம்பரத்தில் ஏசி குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, அமெரிக்காவில் ஏதோ ஒரு டாக்டர் ஏதோ ஒரு நோயாளியைப் பற்றி எழுதியதைப் படித்து, அந்த நோய்க்கு உரிய எண்ணைப் போட வேண்டும். அங்கே இன்சூரன்ஸ்காரன் அந்த எண்ணைப் பார்த்துத்தான் பணம் கொடுப்பான். என் அம்மா கடைசிவரைக்கும் நான் டைப் அடிக்கிறேன் என்றே நம்பினாள். நம் இருவர் பங்குக்கு வந்தது குழந்தைகளின் கால்கள். பிறக்கும்போதே பாதம் உள்பக்கம் மடங்கி, குதிகால் மேலே ஏறி, தரையில் பதியாமல் இருக்கும் கால்கள். அதற்கு எண் 754.51.

டாக்டர் வெறுமனே 'கால் கோணல்' என்று எழுதிவிட்டால் உனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பிறவியிலேயே வந்ததா, பிறகு வந்ததா என்று அவர் எழுதாமல் நாம் அந்த எண்ணைத் தொடக் கூடாது. "இவுரு பாக்கசொல்ல நாம பக்கத்துல நின்னுகினு இருந்தமா? எழுதினாதானே தெரியும்" என்று முணுமுணுத்துக்கொண்டே அவருக்குக் கேள்வி அனுப்புவாய். கோவளத்து மீன்கார வீட்டுப் பெண்ணல்லவா, செவுளைத் தூக்கிப் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டாய்.

உனக்குப் பிரசவமான அன்று நான் வேலையில் இருந்தேன். போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். டீ குடிக்க வெளியே வந்து எடுத்துப் பார்த்தால் உன்னிடமிருந்து ஒரு எஸ்எம்எஸ். 754.51. அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை இல்லை. எனக்கு உடனே புரிந்துவிட்டது. 'ரெண்டு காலுமா?' என்று பதில் அனுப்பினேன். 'ஆமா' என்றாய். டீயைக் குடித்து முடித்து உள்ளே போய் இன்னும் இரண்டு நோயாளிகளின் சார்ட் பார்த்த பிறகுதான், பிறந்தது ஆணா பெண்ணா என்று நான் கேட்கவே இல்லை என்பது உறைத்தது. பிற்பாடு அதைச் சொல்லிக் காட்டி என்னை எவ்வளவு கிண்டல் செய்தாய். "நல்லவேள, இன்சூரன்ஸ் நம்பர் கேக்காம வுட்ட" என்பாய்.

அனகாபுத்தூரில் உன் மாமியார் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "கிரகணத்தன்னிக்கு வெளிய வராதன்னு சொன்னேன், கேட்டியா?" நீ வாதாடவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனாய். அங்கேயும் உன் குணம் போகவில்லை. டாக்டர் எழுதிய சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, "சார், பிறவிலேயேன்னு எழுதலியே" என்றாய். "ஏம்மா, பொறந்து ஒரு மாசம் ஆகல, வேற எப்ப வந்திருக்கும்?" என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் உன் பக்கத்தில் நின்று மானம் போகிறதே என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாரா வாரம் மாவுக்கட்டு. பழையதை நனைத்துப் பிரித்து, பாதத்தைக் கொஞ்சம் வெளியே திருப்பி, மறுபடியும் கட்டுவார்கள். குழந்தை வீறிட்டு அழும். அந்த ஈர பிளாஸ்டர் வாடை உன் புடவையோடு ஆபீஸ் வரைக்கும் வரும். கட்டெல்லாம் முடிந்ததும், நடுவில் கம்பி வைத்து இணைத்த பூட்ஸ் கொடுத்தார்கள். முதலில் நாள் முழுக்க, பிறகு தூங்கும்போது மட்டும், நாலைந்து வயது வரை போட வேண்டும். விட்டால் கால் பழையபடி திரும்பிக்கொள்ளும். உன் மாமியாருக்கு அது தாங்கவில்லை. "பச்சப் புள்ளைக்கு வெலங்கு மாட்டி வெச்சிக்கினு கீறியே, நீ ஒரு தாயா?" என்று ஒரு நாள் என் எதிரிலேயே கேட்டார். "கய்ட்டாத அத்த. கய்ட்டினா நடக்க மாட்டா" என்று மட்டும் சொன்னாய். உன் பயம் முழுக்க அதில்தான் இருந்தது. நீ வேலைக்கு வந்த நேரத்தில் அவர் அதைக் கழற்றிவிடுவார் என்று மத்தியானச் சாப்பாட்டில் தினமும் புலம்புவாய்.

அந்த வருடம் மழை விட்டும் உங்கள் தெருவில் தண்ணீர் வடியவில்லை. உனக்குக் காய்ச்சல் வந்தது, மஞ்சள் காமாலை என்றார்கள், பிறகு வேறு ஏதோ சொன்னார்கள். குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கக்கூட ஆரம்பிக்கவில்லை. நீ போய்விட்டாய்.

மறுநாள் நான் வேலைக்குப் போனேன். எல்லாம் கால்கள்தான். வரிசையாக எண் போட்டேன். அன்றைய என் வேலையில் ஒரு தப்புகூட இல்லை என்று தணிக்கை பார்ப்பவர் பாராட்டினார். தேங்க்ஸ் சொன்னேன். உன் நாற்காலியில் யாரோ பையை வைத்திருந்தார்கள். அதை எடுக்கச் சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

காரியம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து உங்கள் வீட்டுக்குப் போனேன். பூட்ஸ் பரணுக்குப் போயிருக்கும், ஒரு சண்டை போட வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். உன் மாமியார் குழந்தையைக் கால்மேல் போட்டுக்கொண்டு, அது கத்தக் கத்த பூட்ஸ் வாரை இழுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இது எந்த ஓட்டைல மாட்டும் உன் ஃபிரெண்டு?" என்று கேட்டார். காட்டினேன். "கிரகணத்தால வந்ததுதான் இது, நீ என்னா வேணா சொல்லு. ஆனா கய்ட்டாதன்னு சொல்லிட்டு பூட்ச்சே" என்றார். அதன் பிறகு அவர் ஒரு ராத்திரிகூட விட்டதில்லை.

நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். எதிரே எந்தக் குழந்தை நடந்து வந்தாலும் முகத்தைப் பார்ப்பதில்லை, குதிகாலைத்தான் பார்க்கிறேன். சானடோரியம் ரயில்வே ஸ்டேஷனில் ஒரு தாய் என்னைக் கொலுசுத் திருடி என்றே நினைத்துவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். இனி பூட்ஸ் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். உன் மகள் யூகேஜி படிக்கிறாள், உன் வாய் அப்படியே. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஆன்ட்டி, நான் நடக்கறத அம்மா பாத்துச்சா?" என்றாள்.

"பாத்துச்சு, பாத்துச்சு" என்று அடுப்படியிலிருந்து உன் மாமியார் அவசரமாகக் குரல் கொடுத்தார். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லடா. பாக்கல" என்றேன்.

அவள் எழுந்து போய், மாலை போட்ட உன் படத்துக்கு எதிரே நின்று, "பாரும்மா" என்றாள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நடந்தாள். திரும்பி நடந்தாள். உனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, பாவாடையை முட்டிக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடியும் நடந்தாள். உன் மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. நான் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு குதிகாலும் முழுசாகப் பதிந்தன.