இரண்டாவது பை

இன்று காலை சீனி வருத்தப் பரிசோதனைக்காக இரத்தம் கொடுத்துவிட்டு, கிளிநொச்சி ஆய்வுகூடமொன்றின் கதிரையில் காத்திருந்தேன். எடுத்த இரத்தத்தைக் குழாயில் இட்டு என் கண்ணெதிரே நிறுத்தி வைத்திருந்தார்கள். சிறிது நேரத்தில் அது இரண்டாகப் பிரிந்தது. கீழே கருஞ்சிவப்பு, மேலே வெளிறிய மஞ்சள் நீர். அந்த மஞ்சளைக் கண்டதும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அறிக்கையை எடுக்க மறுபடியும் போகவேண்டும். இன்று போகமாட்டேன்.

நண்பா, உன் கடைசி வருடத்தின் நம்பிக்கை முழுவதும் அந்த மஞ்சள் நீரில்தான் இருந்தது.

தர்மபுரத்தில், தண்ணீர்ப் பம்பிகள் கழற்றிப் போட்டிருந்த உன் பட்டறையில், கனடாவிலிருந்து உன் மைத்துனன் அனுப்பிய காணொளியை எனக்குக் காட்டினாய். நோயாளியின் இரத்தத்தை எடுத்து இயந்திரத்தில் சுழற்றுகிறார்கள். குருதிச் சிறுதட்டுகள் செறிந்த மஞ்சள் பகுதியைப் பிரித்து, பழுதுபட்ட இடத்தில் அதை ஏற்றுகிறார்கள். முழங்காலுக்குச் செய்வதை ஈரலுக்கும் செய்யலாம், பழுதாகாமல் அது காக்கும் என்று அதில் ஒருவர் சொன்னார். உன் ஈரல் தழும்பேறத் தொடங்கிவிட்டதென்று வவுனியாவில் வைத்தியர் சொல்லிச் சில கிழமைகளே ஆகியிருந்தன. கொழுப்பும் நீரிழிவும்தான் காரணம் என்று அவர் எழுதிக் கொடுத்தும் ஊர் நம்பவில்லை; குடிதான் என்றது.

“குடிச்சுப் போட்டுச் செத்தாலும் ஒரு ஞாயம் இருக்கடா. நான் பால் விடாத பிளேன்ரீ குடிச்சு ஈரலைக் குடுத்தவன்,” என்று சிரித்தாய்.

வேறொருவன் அந்தக் காணொளியை நம்பியிருந்தால் ஏமாளி என்று சொல்லியிருப்பேன். நீ நம்பியதற்கு ஆதாரம் இருந்தது. யுத்தத்தின் கடைசிக் கிழமைகளில், கடற்கரையோரப் பள்ளிக்கூடமொன்றை வைத்தியசாலையாக்கியிருந்த இடத்தில், நெஞ்சில் காயத்தோடு நீ கிடந்தாய். கொடுக்க இரத்தம் இருக்கவில்லை. உள்ளே தேங்கிய உன் இரத்தத்தையே எடுத்து, துணியில் வடித்து, உனக்கே திரும்ப ஏற்றினார்கள். பையைத் தொங்கவிட எதுவும் இல்லாததால் நான்தான் இரு கைகளாலும் உயர்த்திப் பிடித்திருந்தேன். நீ பிழைத்தாய். அன்றிலிருந்து உன் இரத்தத்தைப் பற்றி, சண்டையில் உன்னை விட்டு ஓடாத ஒரு சகோதரனைப் பற்றிப் பேசுவதுபோலவே பேசிவந்தாய்.

“ஒருக்கா என்னைக் காப்பாத்தினது, இன்னொருக்காக் காப்பாத்தாதோ? நீ ஒரு சத்தியக்கடதாசி அடிச்சுத் தா. என்ரை சொந்த விருப்பத்திலைதான் செய்யச் சொல்லுறன், ஏதும் நடந்தால் ஒருத்தரும் பொறுப்பில்லை எண்டு. டொக்டர் மறுக்க மாட்டா.”

இந்த எண்ணம் உன்னுடையது மட்டுமல்ல. யுத்தம் முடிந்ததும் அடைக்கப்பட்டிருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய நாங்கள், பிறந்ததையும் மணந்ததையும் காணி வைத்திருந்ததையும் சத்தியம் செய்து ஒப்பமிட்ட இந்தக் கடதாசிகளால்தான் நிறுவினோம். அது திறக்காத கதவில்லை என்று இங்கே பலரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை வளர்த்ததில் என் சட்டத்தரணித் தொழிலுக்கும் பங்குண்டு.

“வைத்தியசாலை அரசாங்கக் கச்சேரி இல்லையடா, கடுதாசியைக் காட்டி அலுவல் முடிக்க,” என்றேன்.

“செத்துப் போனார் எண்டு பதிஞ்ச மனுசனையே கடுதாசியாலை எழுப்பிவிட்டனி. உயிரோடை இருக்கிற என்னை இருக்க வைக்க ஏலாதோ, லோயர்?”

எழுதிக் கொடுத்தேன். சட்டப்படி அதற்கு எந்த வலுவும் இல்லை என்று உன்னிடம் சொல்லிவிட்டே எழுதினேன்.

வவுனியாவில் அந்த இளம் வைத்தியர் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார். மடித்து மரியாதையோடு உன் கையில் திருப்பித் தந்தார்.

“ஐயா, நீங்கள் கேட்டது பொய் இல்லை. எலியளிலை பாத்திருக்கினம். ஈரலைப் பழுதாக்கிற மருந்தைக் குடுத்துப்போட்டு இதை ஏத்தேக்கை, பழுது குறையுது எண்டு எழுதியிருக்கினம். ஆனால் மனுசருக்கு வைத்தியமாச் செய்யிற அளவுக்கு இன்னும் வரேல்லை. நீங்கள் கையெழுத்து வைச்சாலும் நான் செய்யேலாது.”

“நானும் எலிதான் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ, டொக்டர்.”

அவர் சிரிக்கவில்லை. உன் இரத்த அறிக்கையை விரித்து மற்றதையும் சொன்னார். ஈரல் இப்படித் தழும்பேறும்போது மண்ணீரல் வீங்கி, சிறுதட்டுகளைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். “உங்கடை ரத்தத்திலை அந்தச் சாமான் இப்ப நல்லாக் குறைஞ்சு போச்சு, ஐயா. பிரிச்சு எடுக்கிறதுக்கே காணாது.”

பேருந்து நிலைய வாங்குப் பலகையில் இருந்து அந்தக் கடதாசியை விரிப்பதும் மடிப்பதுமாக இருந்தாய். சாவைப் பற்றி நினைக்கிறாய் என்று எண்ணினேன். நீ நினைத்தது வேறு.

“அண்டைக்கு ஏத்தினது என்ரை ரத்தம்தானே? நீ பக்கத்திலை நிண்டனி. சொல்லு.”

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கண்டதை மட்டும் சொல்லிப் பழகிய நாக்கு வளையவில்லை. “முதல் பை உன்ரை. வடிக்கிறதைக் கண்டனான். அது முடியேக்கை இன்னொரு பை தந்தவை. பக்கத்துப் பாயிலை ஒரு பொம்பிளை கிடந்தவா. அவவுக்கும் அப்பிடித்தான் வடிச்சுக்கொண்டு நிண்டவை. ரெண்டாவது பை என்ரை கைக்கு வரேக்கை அவவின்ரை முகத்தை மூடிப்போட்டினம். அது ஆரின்ரை ரத்தம் எண்டு நான் கேக்கேல்லை. கேக்கிற நேரமும் இல்லை.”

நீ கோபப்படுவாய் என்று காத்திருந்தேன். உன் உள்ளங்கையைத் திருப்பி, மணிக்கட்டின் நரம்பை வேறொருவருடைய பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாய்.

“அப்ப இவ்வளவு காலமும் நான் தனிய இருக்கேல்லை,” என்றாய்.

அதற்குப் பிறகு மஞ்சள் நீரைப் பற்றி ஒரு முறைகூட நீ பேசவில்லை. மாரி மழை தொடங்கமுன் வயிறு வீங்கியது. ஒரு காலை உன் மனைவி ராணி தொலைபேசியில் அழைத்தாள். நீ போய்விட்டாய் என்றாள்.

நீ போய் ஒரு வருடம் நிறைந்த ஆட்டைத் திவசத்தன்று, ராணி படையலுக்கு இரண்டு இலைகள் போட்டிருந்தாள். நீ சொல்லிவிட்டுப் போனதாம். உனக்குரியவற்றை உன் மகன் செய்து முடித்ததும், குருக்கள் இரண்டாவது இலையைக் காட்டி, “இது ஆருக்கு? பேர் என்ன?” என்று கேட்டார். ராணி என்னைப் பார்த்தாள். ஊரெல்லாம் தொலைந்த பெயர்களைத் திரும்ப எழுதிக் கொடுத்தவன் நான். அந்த ஒரு பெயர் என்னிடம் இல்லை.

“பேர் தெரியாது, ஐயா. பச்சைச் சீலை உடுத்திருந்தவா. தண்ணி கேட்டுக்கொண்டு கிடந்தவா. என்ரை ரெண்டு கையும் பையிலை இருந்தது.”

இதை உன்னிடம்கூட நான் சொல்லவில்லை. வாங்கில் இருந்தபோது நீ கேட்டது இரத்தத்தைப் பற்றி மட்டும்.

குருக்கள் செம்பை என் பக்கம் நகர்த்தினார். “நீங்களே எள்ளுந் தண்ணியும் விடுங்கோ.”

“எனக்கு அவவோடை ஒரு உறவுமுறையும் இல்லை.”

“கண்டனீங்கள்தானே. விடுங்கோ.”

விட்டேன். நண்பா, தனியே இருக்கும் வேளைகளில் உன் குரல் கேட்குமென்று இன்றும் எதிர்பார்க்கிறேன். கேட்பது அந்தப் பெண்ணின் குரல். இன்னும் தண்ணீர்தான் கேட்கிறார்.