சர்க்கரை போட்ட நாள்

ஞாயிறு இரவு

மணலூர்பேட்டை ஜவுளிக்கடைக்காரர் வீட்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, கட்டிலில் கிடந்த என் நாவலைப் புரட்டினார்.

"இன்னாம்மா, ராஜா ராணி கதையா? மாஷா அல்லா, இனிமே எங்க வூட்டு ராணியே நீதான்! வாயத் தொற."

எல்லோரும் சிரிக்க, என் வாயில் ஒரு பிடி சர்க்கரையைப் போட்டார். எங்கள் வழக்கத்தில் பெண்ணின் வாயில் சர்க்கரை போட்டுவிட்டால் சம்பந்தம் முடிவானதாக அர்த்தம். என்னை யாரும் கேட்கவில்லை.

அந்த நாவலில் இளவரசி, சிற்றன்னை ஊட்டிய விஷ ஆப்பிளை விழுங்காமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்கிறாள். செத்ததுபோல் கிடந்து, தான் விரும்பிய காவலனுடன் அரண்மனையை விட்டுத் தப்புகிறாள். எனக்கும் ஒருவன் இருக்கிறான். அவன் பெயரை இங்கே எழுதக்கூடப் பயம்.

நானும் சர்க்கரையைக் கன்னத்தில் ஒதுக்கினேன். என் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லத் தைரியம் சேர்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் சர்க்கரை கரைந்துவிட்டது.