உடும்பை ஆட்டி வைத்தது நான் இல்லை அக்கா

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி கார்த்திகேசன் மஸ்கட்டிலிருந்து எழுதுவது. நான் சௌக்கியம், உன் மூட்டுவலி எப்படி இருக்கு?

இங்கன எங்க கடைக்குப் புது வீடியோ கேம் வந்திருக்கு. பொதிகை மலை உசரத்துக்கு ஒரு உடும்பும் குரங்கும் அடிச்சிக்கிடும். நானே ஆடி, வர்ணனையும் பேசி, "என் உடும்பு மூணே அடியில குரங்கைச் சாய்ச்சிட்டு, பாருலே"ன்னு வீடியோ போட்டேன். லட்சம் பேர் பார்த்தாங்க. சரி, நாப்பது பேர். அதுல ஒருத்தன், "அண்ணாச்சி, கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும்லா மோதுது, நீரு சும்மா பட்டனை அமுக்குதீரு வே"ன்னு எழுதிட்டான். ஆடுதது யாருன்னு கேட்டப்ப, பலமா இருக்கும்னு ரெண்டு பக்கமும் கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுத்தது நான்தான்.

அந்த வீடியோவை "எங்க மாமா"ன்னு காலேஜ்ல காட்டின உன் மக சித்ரலேகாவைக் கேலி பண்ணுதாங்களாமே. வெக்கமா இருக்குக்கா. என் போனையும் எடுக்க மாட்டேங்கா.

அப்பளம் அனுப்பினா, பார்சல்ல விலாசத்தை மட்டும் அவ கையால எழுதச் சொல்லு. கடை திறக்கணும், வாரேன்.