கொல்கலமும் என் கையெழுத்தும்

செப்டெம்பர் 9, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். தெமோதரைத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்கான உயிரியல் குறிப்பு, பன்னிரண்டாம் பக்கம். எழுத்து அச்சுப்போல. தங்கையின் சிறுநீரகத்தை என் உடம்பு தாக்காமல் அடக்கிவைக்கும் குளிசை, காலை ஒன்று, இரவு ஒன்று. அதனால்தான் கை நடுங்கியது. இரவுக் குளிசையை விட்டு இன்றோடு இருபது நாள்.

எழுதியது: கொல்கலம் என்னும் வெண்குருதிக் கலம் அந்நியக் கலத்தோடு ஒட்டி நின்று, மென்சவ்வில் துளையிடும். துளை வழியே கிரான்சைம் என்னும் நொதியம் நுழையும். உள்ளே உறங்கும் நொதியங்களை வெட்டி எழுப்பிவிடும். மிச்ச வேலை அவற்றினுடையது. கலம் தன்னைத் தானே துண்டாடிக்கொள்ளும். சத்தமில்லை.

ஒரு திருத்தம்கூட இல்லை.

செப். 11, வியாழன்

வெயில். தங்கை செல்லம்மா வந்தாள், காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாமல். தன் லய வீட்டுக்குப் பின்னால் காய்த்த போஞ்சி ஒரு பை.

"சின்னவ உள்ள ஒழுங்கா இருக்காளா, அக்கா? வாயாடுனா சொல்லு, வந்து வச்சிக்கிறேன்."

சின்னவள் என்பது அவள் தந்த சிறுநீரகம்.

"காலு வீங்கியிருக்கே?"

"நடந்ததுல."

"நீ எங்க நடந்த? தொரசாணி மாதிரி உக்காந்துகிட்டு!"

செப். 15, திங்கள்

கிளினிக். சிறுநீரகம் தளர்ந்தால் ஏறும் கிரியாட்டினின், இரட்டிப்பு. யாழ்ப்பாணத்து டொக்டர்: "ரீச்சர், குளிசை ரெண்டு நேரமும் எடுக்கிறனீங்களோ?"

"எடுக்கிறேன்."

பொய் சொல்லும் மாணவரை முகம் பார்த்தே பிடித்தவள் நான். மருந்தின் அளவு பார்க்க இரத்தம் எடுத்தார். அது என்னைக் காட்டிக்கொடுக்க இரண்டு நாளாகும். சிறுநீரகத்தில் ஊசியேற்றிச் சிறு துணுக்கும். வார்டில் கட்டில்.

பின்னேரம் செல்லம்மா, கட்டிலோரம்: "எம் பொருளுதான் சரியில்லையோ, அக்கா? கொழுந்துக் கூட தூக்கித் தேஞ்ச ஒடம்பு. மன்னிச்சிக்க."

குளிசையை விட்டதை அப்போதும் சொல்லவில்லை. நானோ பட்டதாரி.

செப். 17, புதன்

துணுக்கின் முடிவு: கொல்கலங்கள் நிறைய. ஊசி மருந்து மூன்று நாள். சிறுநீரகம் தப்பலாம், தப்பாமலும் போகலாம்.

கேட்குமுன் டொக்டரிடம் சொன்னேன். பிறகு செல்லம்மாவிடம்.

"எதுக்குக்கா விட்ட?"

"அதப் போட்டா எழுத்து கோணலா வருது."

பிறகு குறிப்புக் கொப்பியைக் கேட்டு வாங்கினாள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள், வாசிக்கவில்லை. பக்கம் பக்கமாகப் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு."

குளிசையை என் உள்ளங்கையில் வைத்தாள். விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். காட்டினேன். சின்னவளைப் பற்றிக் கேட்கவில்லை.