ஊஷ்மாலில் போட்ட தோப்புக்கரணம்

14 ஜூன் 2024, தூத்துக்குடி

காலையில் என் கடைக்குக் கயிறு வாங்க வந்த போட்டுக்காரன் ஜாக்சனிடம் சொல்லிவிட்டேன். மெக்சிகோவுக்குப் போகிறேன், மாயன் கோயில்களைப் பார்க்க. "என்ன அண்ணாச்சி, திருச்செந்தூருக்கே கூட்டம்னு போக மாட்டீய. கடல் தாண்டி இடிஞ்ச கோயிலைப் பாக்கப் போறீயளா?" என்று சிரித்தான். அவனிடம் சொன்னால் போதும், மத்தியானத்துக்குள் துறைமுகம் முழுக்கத் தெரிந்துவிடும். தெரியட்டும். உண்மையை யாரிடம் சொல்வது? மெரிடா என்ற ஊருக்கு வேலைக்குப் போன என் மகள் ஐஸ்வர்யா, அங்கே ரெனான் என்று ஒரு பயலைக் கட்டிக்கொள்ளப் போகிறாளாம். அவளைக் கையோடு கூட்டிவரத்தான் போகிறேன்.

17 ஜூன்

குலசேகரன்பட்டினத்துப் பாத்திரக்கடைக்காரர் மகனுடைய ஜாதகம் பெட்டியில், கருப்பட்டிக்கு அடியில். என் மனைவி வடிவு எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள். முப்பத்தொரு வருஷத்தில் என் பேச்சுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்தது இதுதான் முதல் தடவை.

21 ஜூன், மெரிடா

வந்து சேர்ந்தேன். பயல் விமான நிலையத்துக்கே வந்திருந்தான். வெள்ளைக்காரனாக இருப்பான், அதை வைத்தே ஒரு பிடி பிடிக்கலாம் என்றிருந்தேன். பார்த்தால் ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஆள் மாதிரி இருக்கிறான். எரிச்சலாக வந்தது.

22 ஜூன்

ஜாதகத்தை எடுத்தேன். "ஊருக்கெல்லாம் கோயில் பாக்கப் போறேன்னுதானப்பா சொல்லிட்டு வந்திய? மொதல்ல அதைப் பாருங்க" என்கிறாள் ஐஸ்வர்யா. அதுவும் சரிதான். போட்டோ இல்லாமல் திரும்பினால் ஜாக்சன் விட மாட்டான்.

23 ஜூன்

ஊஷ்மால். மாயன் கோயில். என்னத்தைச் சொல்ல!

சீட்டுக் கிழிக்கிற இடத்தில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். காவலாளி பதறிப்போய், போடு போடு என்று கையைக் காட்டினான். சாமி இருக்கிற இடத்துக்குள் செருப்போடு எப்படிப் போவது? என் மகள் ஷூவோடு விறுவிறுவென்று உள்ளே போகிறாள். நான் வளர்த்த லட்சணம்! ரெனான் என் காலைப் பார்த்தான். குனிந்து தன் ஷூவையும் கழற்றி, என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தான்.

தூத்துக்குடி வெயிலில் வளர்ந்தவனுக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்றுதான் நடந்தேன். சரளைக்கல். பத்து நிமிஷத்தில் உயிர் போய்விட்டது. ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ள முடியுமா? பக்கத்தில் அவனும் உதட்டைக் கடித்துக்கொண்டு நடக்கிறானே!

ஒரு சுவர் முழுக்க வரிசை வரிசையாக ஒரே முகம். நீளமாக வளைந்த மூக்கு. அட, நம்ம பிள்ளையார்! நெற்றியில் குட்டிக்கொண்டு தோப்புக்கரணம் போட ஆரம்பித்தேன். திரும்பினால் அவனும் காதைப் பிடித்து உட்கார்ந்து எழுகிறான், கையைத் தப்பாகப் பிடித்துக்கொண்டு. திருத்திவிட்டேன். பஸ்ஸில் வந்திறங்கிய வெள்ளைக்காரர்கள் எங்களைச் சுற்றி நின்று படமெடுத்தார்கள். மாயன் சடங்கு என்று நினைத்திருப்பார்கள்.

வெளியே வந்த பிறகுதான் மகள் சொல்லுகிறாள், அது பிள்ளையார் இல்லையாம், சாக் என்கிற மழைச்சாமியாம். "முன்னாலயே சொல்லக் கூடாதாளா?" என்றேன். "ரெனான்தான் சொல்லாதேன்னான். நீங்க கும்பிடும்போது குறுக்க பேசக் கூடாதாம்."

மழைச்சாமி என்றாலும் நஷ்டமில்லை. நம் பக்கம் மழை பெய்தால் சரி.

24 ஜூன்

எங்கள் இரண்டு பேர் காலிலும் கொப்புளம். அவன் அம்மா வந்து கற்றாழையைக் கீறித் தடவினார். எனக்கு முதலில், மகனுக்கு அப்புறம்தான். ஜாதகம் பெட்டியிலேயே கிடக்கிறது, எடுக்கக் கை வரவில்லை. ஏலே சிவனாண்டி, என்னலே ஆச்சு உனக்கு? கூட்டிட்டுப் போகத்தானே வந்தே?

நல்ல பையன். எழுதிவிட்டேன், போதும்.

25 ஜூன்

சம்மதம் சொல்லிவிட்டேன். இரண்டு பேரையும் உட்காரவைத்து, தொண்டையைக் கனைத்து, "ரொம்ப யோசிச்சுப் பாத்தேன். எனக்குச் சம்மதம்" என்றேன். ஐஸ்வர்யா ஓவென்று அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. அப்புறம் அவள், "கோவப்படாதியப்பா" என்று ஆரம்பித்தாள்.

ஏப்ரல் பன்னிரண்டாம் தேதியே பதிவுத் திருமணம் முடிந்துவிட்டதாம்.

"அப்போ எதுக்குளா என்னை இம்புட்டுத் தூரம் வரவிட்டே?"

"நீங்க சரின்னு சொல்லாம எனக்குக் கல்யாணம் ஆன மாதிரியே இல்லப்பா."

இது என்ன பேச்சு? வடிவுக்குத் தெரியுமாம். வீடியோவுல பாத்து ஆசீர்வாதம்கூட பண்ணியிருக்கா. எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. நான் யாரு இந்த வீட்டுல? பெத்த அப்பனா, கயிறு விக்க வந்தவனா? வலிக்குது. கொப்புளத்தைச் சொல்லலை.

26 ஜூன்

கோபத்தில் சாப்பிடவில்லை. யாரும் கெஞ்சவில்லை. சாயங்காலம் நானே போட்டுச் சாப்பிட்டேன்.

3 ஜூலை, தூத்துக்குடி

வடிவிடம் பேசவில்லை. "காலுக்கு எண்ணெய் தடவட்டுமா?" என்றாள். காலை நீட்டினேன். பேசத்தான் இல்லை.

9 ஜூலை

பேசிவிட்டேன். காபியில் சர்க்கரை இல்லை, வேறு வழியில்லை.

29 ஜூலை

ஆவணியில் இங்கே வரவேற்பு வைக்கிறோம். பத்திரிகை அடிக்கப் போனேன். அச்சகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிற ஜெயஷீலா, மாப்பிள்ளை பெயர், ஊர், பெற்றோர் பெயர் எல்லாம் கேட்டுக் கேட்டு அடித்தாள். கல்யாணத் தேதி கேட்டாள். மறைக்க என்ன இருக்கிறது, ஏப்ரல் பன்னிரண்டு என்றேன். நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணாச்சி, மேல வழக்கமா ஒரு வரி வரும், 'பெரியோர்கள் நிச்சயித்தபடி'ன்னு. எடுத்துரட்டுமா?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை வாசித்தேன்.

"இருக்கட்டும்மா" என்றேன். நிச்சயித்தது உண்மைதானே. கொஞ்சம் பிந்திவிட்டது, அவ்வளவுதான்.